கல்லுநக்கியும் நல்லதண்ணிக் கிணறும்

புதிதாகச் சுத்தியல் தூக்கியிருக்கும் தம்பிகளே, தங்கைகளே, முதலில் ஓர் எச்சரிக்கை. ஊர்நடுவில் நின்று கல்லை நக்காதீர்கள். நக்கத்தான் வேண்டும், தெரியும். ஈரம் பட்டால்தான் கல்லுக்குள் இருக்கும் சிப்பியின் வரி கண்ணுக்குத் தெளியும். குடிக்க வைத்திருக்கும் தண்ணீரை அதற்குச் செலவழிக்க யாருக்கும் மனம் வராது. நாக்கோ எங்கே போனாலும் கூடவே வருகிறது. ஆனால் நாலு பேர் பார்க்காத இடமாகப் பார்த்து நக்குங்கள். கன்னியாகுமரிக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊரில் எனக்கு இன்னும் ‘கல்லுநக்கி’ என்றுதான் பெயர். வேலையில் வாங்கிய பட்டங்களை எல்லாம் ஓய்வுபெற்ற அன்றே அலுவலகத்தில் விட்டுவிட்டு வந்தேன். இந்தப் பட்டம் மட்டும் வீடுவரைக்கும் வந்துவிட்டது.

அந்த ஊரில் நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன். பாறையை அளக்கும் முறை உங்களுக்குப் பாடத்தில் வந்திருக்கும். அதை நான் தொடப்போவதில்லை. அளவு தப்பாகப் போனபிறகு என்ன செய்வது என்பது எந்தப் பாடத்திலும் வராது.

நம் மாவட்டம் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. எந்தப் பக்கம் சேர வேண்டும் என்று நாகர்கோவிலில் டீக்கடை டீக்கடையாகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். எங்கள் நிலவியல் துறை அலுவலகம் திருவனந்தபுரத்தில். நான் திருவட்டாற்றுக்காரன், வயல்காட்டுப் பிள்ளை. வேலைக்கு வந்த புதிது. எனக்கு மேலே இருந்தவர் நெய்யூர்க்காரர். வெயிலோ மழையோ கறுப்புக் குடையைச் சுருக்காத மனிதர். நடக்கும்போது வாய்க்குள்ளேயே வேதப்பாட்டு முணுமுணுப்பார். பாட்டு நின்றுவிட்டால் ஏதோ யோசிக்கிறார் என்று அர்த்தம். ஊர்க்காரர்கள் அவரைப் ‘பெரிய சார்’ என்றார்கள். நானும் இங்கே அப்படியே சொல்கிறேன்.

அந்த ஊரில் கடலை ஒட்டி நீளமாக ஒரு மேடு உண்டு. கடல் பக்கம் செங்குத்தாக மூன்று ஆள் உயரத்துக்கு நிற்கும். முகப்பு முழுக்கச் சிப்பி, சங்கு, இடையிடையே பவளத்துண்டு. ஒரு காலத்தில் கடல் இன்றைக்கு நிற்பதைவிட உயரமாக நின்றது. அப்போது கரையில் ஒதுங்கியதெல்லாம் சுண்ணாம்பால் ஒட்டிப்பிடித்துக் கல்லாகிவிட்டது. அதற்கு அடியில் இருப்பது நம் மலைகளின் பழைய பாறை. அது கடல்வரை இறங்கி வந்து அங்கே முடிகிறது. காற்றும் மழையும் தின்று அதன் மேல்பகுதி பல இடங்களில் சிவந்து இற்றுக் கிடக்கும். சிப்பிக்கல்லை உடைத்துச் சுட்டால் சுண்ணாம்பு, சிமெண்டு, எது வேண்டுமானாலும் ஆகும். இற்ற பாறையைச் சுட்டால் புகைதான் வரும்.

சிமெண்டு ஆலை வைக்க ஆசைப்பட்ட சிலர் அந்த மேட்டைக் குத்தகைக்குக் கேட்டிருந்தார்கள். அவர்களுக்காக ஓடியாடியவர் கோட்டாற்றில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு முதலாளி. வெள்ளை வேட்டி, தோளில் சரிகைக் கரை போட்ட நேரியல். நாங்கள் எந்தப் பாறை மேல் ஏறினாலும் கீழே நின்று, “பாத்து சார், பாத்து” என்பார். கையில் எப்போதும் ஒரு பொட்டலம் ஏத்தங்காய் உப்பேரி, அதாவது நேந்திரங்காய் வறுவல். பெரிய சார் ஒருபோதும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

மேட்டின் பின்சரிவில் ஒரு கிணறு இருந்தது. அந்த ஊரில் வேறெங்கே தோண்டினாலும் வாயில் வைக்க முடியாத உப்பு. அந்த ஒரு கிணற்றில் மட்டும் இளநீர் மாதிரித் தண்ணீர். கடலுக்கும் கிணற்றுக்கும் நடுவே இருந்தது அந்த மேடு ஒன்றுதான். அதை வெட்டி எடுத்தால் கடல் கிணற்றுக்குள் வந்துவிடும் என்று ஊரே பயந்தது. நியாயமான பயம்தான். ஆகவே எங்கள் அறிக்கை என்ன சொல்லப்போகிறது என்பது அந்த ஊருக்கு உயிர்ப் பிரச்சினை. கல் கனமாக இருக்கிறது என்று எழுதினால் கிணறு போயிற்று. மெலிசு என்று எழுதினால் முதலாளி உப்பேரிப் பொட்டலத்தோடு வேறு ஊர் பார்க்க வேண்டியதுதான்.

அந்தக் கிணற்றின் மேடையில் ஆண்கள் கால் வைப்பதில்லை. தண்ணீர் கோரி எடுப்பதும் கிணற்றைக் காப்பதும் பெண்கள். கோயில் திருநாளுக்கு முன்னால் வருடத்துக்கு ஒருநாள் கிணற்றை இறைத்துத் தூர்வாருவார்கள். அன்றைக்கு உள்ளே இறங்குகிற ஆளுக்கு மட்டும்தான் மேடை. ஆகவே முதல்முறை போனபோது பெரிய சார் மேடைக்கு வெளியே நின்று, குடையைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார். பாசிக்கும் செடிக்கும் நடுவே கிணற்றுச்சுவரில் சிப்பிகள் தெரிந்தன.

“கெணறு முளுக்க சிப்பிக்கல்லு, மக்கா” என்றார்.

முகப்பிலும் சிப்பி, கிணற்றிலும் சிப்பி. நடுவில் மட்டும் வேறென்ன இருக்கப்போகிறது? மேடு முழுவதும் ஒரே கல் என்று திருவனந்தபுரத்துக்கு ஒரு முற்குறிப்பு எழுதிவிட்டார். விரிவான அறிக்கை பிறகு. முதலாளி அன்றைக்கு இரண்டு பொட்டலம் கொண்டுவந்தார்.

அதற்குப் பிறகுதான் மேட்டின் மேற்கு நுனிக்குப் போனோம். அங்கே ஓர் ஓடை மேட்டைக் குறுக்கே அறுத்துக்கொண்டு கடலுக்குப் போகிறது. அறுத்த இடத்தில் பார்த்தால் சிப்பிக்கல் முழங்கால் அளவுதான். கீழே எல்லாம் சிவந்து இற்ற பழைய பாறை. பெரிய சாரின் பாட்டு நின்றுவிட்டது. சாலைக்கு ஏறினோம். பிறகு குடையை என் பக்கம் சாய்த்துக் கேட்டார்.

“நான் எளுதினது தப்புண்ணு வச்சுக்க. அது எங்க தெரியும்?”

“கெணத்துக்குள்ள எறங்கினா தெரியும் சார்.”

“எறங்கலாம். ஆனா நான் எறங்கினா எனக்குப் பிடிச்சதத்தான் பாப்பேன். என்னெப் பொய்யாக்க வேற ஒரு ஆளு வேணும். நீ எறங்கு, கேட்டியா?”

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். தான் எழுதியதைத் தானே சரிபார்க்கிறவன் நல்ல வேலைக்காரன். தான் எழுதியதைத் தப்பென்று கண்டுபிடிக்க இன்னொருவனை அனுப்புகிறவன் அவனைவிடப் பெரியவன். அப்படி ஒருவரை நான் வேலைக்காலம் முழுவதும் வேறெங்கும் பார்க்கவில்லை. அன்றைக்கு எனக்கு இந்த ஞானமெல்லாம் இல்லை. கிணற்றுக்குள் பாம்பு இருக்குமோ என்று மட்டும் யோசித்தேன்.

கிணற்றுக்குப் பொறுப்பு செபஸ்தியம்மாள். தலைச்சுமடாக மீன் கொண்டுபோய் விற்கிறவள். அவள் குரல் கேட்டால் கடற்காக்கை எழும்பிப் பறக்கும். திருநாள் நெருங்கியிருந்தது. தூர்வார நான் இறங்கட்டுமா என்று போய்க் கேட்டேன். மறுப்பாள் என்று நினைத்திருந்தேன். அவளோ என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இறங்கும் சாரே, நல்லா இறங்கும்” என்றாள். பக்கத்தில் நின்ற பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். நான் அதைக் கவனித்தேன். பொருட்படுத்தவில்லை.

அன்று காலையில் தண்ணீரை இறைத்து முடித்ததும், கயிற்றில் கட்டிய பலகையில் என்னை உட்காரவைத்து இறக்கினார்கள். இடுப்பில் துண்டு, கையில் சின்னக் கம்பி.

“கல்லுநக்கி சாரே, செவர நக்கிராதியும்! பாசி வளுக்கும்!” என்று செபஸ்தியம்மாள் மேலிருந்து சொன்னாள். சிரிப்பு கிணற்றைச் சுற்றி வந்தது.

சும்மா பார்த்துவிட்டு ஏறிவரலாம் என்ற நினைப்பு பலித்ததா? கயிற்றில் இறங்கிவந்த ஓலைப்பெட்டியில் கடவம் கடவமாகச் சேற்றை அள்ளி அனுப்பினேன். உடைந்த குடம், யாருடைய கழுத்திலிருந்தோ விழுந்த செபமாலை, நசுங்கிய செம்பு. ஒவ்வொன்றும் மேலே போகப்போக, “ஏட்டி, உனக்கதுதான்!” என்று ஒரே கூச்சல். என்னை யாரும் நினைக்கவில்லை. முதுகு ஒடிந்த பிறகுதான் சுவரின் பாசியைச் சுரண்ட எனக்கு நேரம் கிடைத்தது.

சுரண்டிய இடத்தில் ஒரு நேர்கோடு தெரிந்தது. இயற்கை நேர்கோடு போடாது, தம்பிகளே. இன்னும் சுரண்டினேன். கோடு திரும்பியது, செங்கோணத்தில். அது காரை பூசிய இணைப்பு. மேலே முழங்கால் அளவுதான் இயற்கையான சிப்பிக்கல். அதற்குக் கீழே அடிவரைக்கும், எப்போதோ முகப்பிலிருந்து சிப்பிக்கல்லை வெட்டி எடுத்துவந்து கட்டிய சுவர். எங்கள் துறையே கொத்தனார் வேலையைப் பாறை என்று திருவனந்தபுரத்துக்கு எழுதி அனுப்பியிருந்தது! ஆட்டம் கண்டிருந்த ஒரு கல்லைக் கம்பியால் நெம்பி இழுத்துவிட்டு, பின்னால் கையை விட்டேன். ஊறிய அவல் மாதிரி சிவப்பாக உதிர்ந்தது. இற்ற பழைய பாறை. அந்த மேடு சுவரில் பூசிய பூச்சு மாதிரிதான். முன்னால் நின்று பார்க்கிறவனுக்கு முழுக்கப் பூச்சாகவே தெரியும்.

அது கட்டிய கிணறு என்று அந்தப் பெண்களுக்குத் தெரியும். அது எங்களுக்கு முக்கியம் என்று தெரியாது. எங்களுக்கு அது முக்கியம் என்று தெரியும். கட்டியது என்று தெரியாது. இரண்டு தரப்பும் அதுவரை பேசிக்கொண்டதெல்லாம் நான் கல் நக்குவதைப் பற்றித்தான்.

சந்தோஷத்தில் வாயைத் திறந்தேன். அப்போது பலகை காலியாக மேலே ஏறிப்போயிற்று.

கிணற்று வாயில் செபஸ்தியம்மாளின் முகம் தெரிந்தது. இப்போது அதில் சிரிப்பில்லை.

“சாரே, ஒரு சத்தியம் பண்ணும். இந்த மேட்ட வெட்டப்பிடாதுண்ணு எளுதுவேண்ணு சொல்லும். சொன்னா பலக வரும்.”

“அக்கா, என்ன வெளையாட்டு இது?”

“எங்களுக்க பிள்ளைய குடிக்கிய வெள்ளம் இது. எங்களுக்கு வெளையாட்டில்ல.”

பெரிய சாரையும் முதலாளியையும் கூப்பிட்டேன். இருவரும் மேடைக்கு வெளியேதான் நின்றிருந்தார்கள். “பாத்தீரா சார், பாத்தீரா! உத்தியோகஸ்தன மெரட்டுகாளுவ! நான் இத மேலெடத்துக்கு எளுதாம விடமாட்டேன்!” என்று முதலாளி குதிப்பது கேட்டது.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். அவள் கேட்கிற வார்த்தையும் நான் எழுதப்போகிற வார்த்தையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். “சரி அக்கா, சத்தியம்” என்று சொன்னால் அடுத்த நொடி பலகை வரும், குளித்துவிட்டுச் சாப்பிடலாம். சொல்லலாமா? வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் வெளியே நிற்கிறாரே, அந்த முதலாளி! நான் கிணற்றுக்குள் கிடந்து கொடுத்த வாக்கு என்று அவர் ஊரெல்லாம் சொல்வார். அதன்பிறகு என் அறிக்கையில் எவ்வளவு உண்மை இருந்தாலும் ஒருவரும் நம்பமாட்டார்கள். வேறு யாராவது வருவார்கள், மேடைக்கு வெளியே நின்று எட்டிப் பார்ப்பார்கள், கிணறு போய்விடும். அவளைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அவள் கேட்டதை நான் கொடுக்கக்கூடாது. இதைக் கிணற்றுக்கு அடியில் நின்று மேலே இருக்கிற அவளுக்கு எப்படி விளக்குவது?

“எளுதுவேண்ணு வாக்கு தரமாட்டேன் அக்கா. இருக்கியத எளுதுவேன். அவ்வளவுதான்.”

“எண்ணா அங்கயே இரியும்.”

“சார்!” என்று கத்தினேன்.

“என்ன மக்கா, அங்க குளுமையா இருக்கா?” என்று பெரிய சாரின் குரல் வந்தது. வாய் நிறைய உப்பேரி. “அவசரம் ஒண்ணும் இல்ல. இருந்து நல்லா பாரு.”

எனக்குக் கோபம் பொங்கியது. நான் சேற்றில் நிற்க, அவர் குடை நிழலில் உப்பேரி தின்கிறார்! அந்தக் கோபத்தில்தான் எனக்குப் புத்தி வந்தது. உண்மையை நான் சொன்னால் வாக்கு என்பார்கள். அதை வேறொருவர் வாயால் வரவைக்க வேண்டும்.

“முதலாளீ! நீங்க இத்தன நாளா கேட்ட கேள்விக்குப் பதிலு இஞ்ச இருக்கு! வந்து உங்க கண்ணால பாருங்க!”

ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அவர் காதில் அது எப்படி விழுந்தது என்பதற்கு நான் பொறுப்பில்லை.

“அவ்வளவு இருக்கா?” என்றார் மேலிருந்து.

“வந்து பாருங்க!”

அவர் மேடைப் பக்கம் ஓர் அடி வைத்திருக்க வேண்டும். “இறங்குகவனுக்குத்தான் மேட!” என்று செபஸ்தியம்மாள் மறித்தது கேட்டது. கொஞ்ச நேரம் முணுமுணுப்பு. பிறகு கப்பி கிறீச்சிட்டது. வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, நேரியலைத் தலையில் சுற்றிக்கொண்டு, கண்ணை இறுக மூடியபடி முதலாளி பலகையில் இறங்கி வந்தார். நான் மெலிந்த ஆள், அவர் அப்படியல்ல. கயிறு அன்றைக்குத் தாங்கியது கர்த்தரின் கிருபை என்று பெரிய சார் பின்னால் பலமுறை சொல்லியிருக்கிறார். முதலாளி சேற்றில் கால் வைத்ததும் பலகை மறுபடியும் மேலே போய்விட்டது.

நான் கம்பியை அவர் கையில் கொடுத்து, “நீங்களே தட்டிப் பாருங்க” என்றேன்.

கோட்டாற்றில் வீடும் கடையும் கட்டியவர் அவர். கொத்தனாரோடு நின்று சண்டை போட்டுக் கட்டியவர். பாசியைச் சுரண்டியதும் அவர் கை நின்றுவிட்டது.

“இது கெட்டின செவருல்லா ஓய்!”

“ஆமா.”

“கல்லுல தோண்டின கெணத்துக்கு எவன் ஓய் கெட்டு கெட்டுவான்?”

“அதத்தான் நானும் யோசிச்சேன்.”

ஆடுகிற கல்லைக் காட்டினேன். அதற்குப் பின்னால் கையைவிட்டார். சிவப்புப் பொடியை எடுத்து விரலால் தேய்த்தார், மோந்து பார்த்தார். “இதச் சுட்டா சிமெண்டு வருமா?”

“செங்கல்லுகூட வராது.”

இன்னும் இரண்டு இடத்தில் குத்திப் பார்த்தார். எங்கும் அதே கதை. ஆலை, குத்தகை, லாரி என்று அவர் மனதில் கட்டியிருந்ததெல்லாம் அந்தச் சேற்றில் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டது. பாவமாகக்கூட இருந்தது எனக்கு. பிறகு தலையைத் தூக்கி, தொண்டை கிழியக் கத்தினார்.

“பெம்பிளைகளே, கயித்த விடுங்கோ! இஞ்ச கல்லும் இல்ல, ஒரு எளவும் இல்ல! வெட்டினா மண்ணுதான் கிட்டும்!”

“ஒருக்கா கூடிச் சொல்லும் மொதலாளி. ஊரு கேக்கட்டு.”

சொன்னார். இன்னொரு தடவையும் சொல்லச் சொன்னார்கள். சொன்னார். பலகை இறங்கி வந்தது.

ஊற்று மெல்லத் திரும்பி, தூர்வாரிய கிணற்றில் தண்ணீர் கூடும்வரை எல்லோரும் அங்கேயே இருந்தோம். இறங்கியவனுக்குத்தான் முதல் செம்பு என்பது வழக்கம். நான் தொண்டை வறண்டு கையை நீட்டினேன். செபஸ்தியம்மாள் என்னைத் தாண்டிப் போய் முதலாளியிடம் செம்பைக் கொடுத்தாள்.

“சொன்னவரு அவருல்லா. நீரு ஒண்ணும் சொல்லலிய சாரே. எளுதிட்டு வாரும், தாறேன்.”

முதலாளி அண்ணாந்து குடித்துவிட்டு, “நல்ல வெள்ளம்” என்றார். அவ்வளவு நடந்தபிறகும் அதை மறைக்க அவருக்கு மனம் வரவில்லை.

ஒரு கிணற்றை மட்டும் நம்பி எழுதக்கூடாதென்று மேட்டின் மேல் வேறு சில இடங்களிலும் குழி போட்டுப் பார்த்தோம். எல்லாக் குழியும் அதையே சொன்னது. விரிவான அறிக்கையின் முதல் வரியைப் பெரிய சார் தானே எழுதினார்: கிணற்றின் கட்டுச்சுவரைப் பாறை என்று நான் தவறாகக் கருதியிருந்தேன், முற்குறிப்பைத் தள்ளிவிடவும். திருவனந்தபுரத்தில் வராந்தா வராந்தாவாகச் சிரிப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். சிரிக்கத்தான் செய்தார்கள். பேனாவை மூடிவிட்டுப் பாட்டைத் தொடங்கினார். அந்த நிமிடத்தில் அவர் மேல் எனக்கு வந்த பிரியத்தை அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

குத்தகை நின்றுபோனது. அடுத்த திருநாளுக்கு முன் செய்தி சொல்ல நாங்கள் இருவரும் அந்த ஊருக்குப் போனோம். தூர்வாரும் நாள் அது. கிணற்றை இறைத்துவிட்டார்கள், முந்தினநாள் கோரிவைத்த தண்ணீர் மேடையோரம் குடங்களில் இருந்தது. செபஸ்தியம்மாள் செம்பு நிறைய மொண்டு என்னிடம் தந்தாள். “இந்தாரும் கல்லுநக்கி. இது உமக்குள்ளது.”

பாதி குடித்தேன். அப்படி ஒரு இனிப்பு. மீதியைப் பெரிய சாரிடம் நீட்டினேன். அவள் செம்பை என் பக்கமே தள்ளிவிட்டாள்.

“அவருக்கு இல்ல. வெளிய நிண்ணு எட்டிப் பாத்து எளுதினவருல்லா? இறங்கட்டு.”

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். பெரிய சார் ஒரு கணம் கிணற்றைப் பார்த்தார், ஒரு கணம் செம்பைப் பார்த்தார். பிறகு, நான் அறிந்தவரையில் முதன்முறையாக, குடையைச் சுருக்கி என் கையில் கொடுத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். கப்பி கிறீச்சிட்டது. வேதப்பாட்டு மெல்ல மெல்லக் கீழே இறங்கிப்போய், அடியில் நின்றது.

பாசி சுரண்டும் சத்தம் கேட்டது. பிறகு கிணற்றுக்குள்ளிருந்து குரல் வந்தது.

“மக்கா! காரை இம்புட்டுத் தெளிவாத் தெரியுதுல்லா!”

“ஆமா சார்.”

“செரி, பலகய விடச் சொல்லு.”

செபஸ்தியம்மாள் காலிப் பலகையை மேலே இழுத்து மேடைமேல் வைத்துவிட்டு, உள்ளே ஒரு கடவத்தை இறக்கினாள்.

“சத்தியம் ஏதாவது வேணுமா அக்கா?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் வேண்டாம். தூரு முளுவனும் வாரிட்டு ஏறட்டு.”

கிணற்று வாயில் குனிந்தேன். “சார், அங்க குளுமையா இருக்கா?” என்று கேட்டுவிட்டு, மீதித் தண்ணீரைக் குடித்தேன்.